தம்பி ஏற்றி வைத்த வேகம்

இன்னும் கட்டி முடிக்காத வீடுகளுக்கு வெயில் போடுவதுதான் அவள் தொழில். கட்டட நிறுவனங்கள் அனுப்பும் வரைபடங்களைக் கணினியில் முழு வீடாக எழுப்பி, ஜன்னல் வெளிச்சமும் சோபாவின் நிழலும் அச்சு அசலாகத் தெரிகிற படங்களாக்கித் தருவாள். தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் மாடியில் ஒரே அறையில். தம்பி சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து போனதிலிருந்து, அங்கே சத்தம் போடுவது கணினியின் விசிறிகள் மட்டும்தான்.

கிளம்பும்போது, கணினியில் படங்களை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டை முடுக்கிவிட்டுப் போனவன் அவன்தான்.

"கம்பெனி வச்சது ஆமை ஸ்பீடு, அக்கா. ஓவர்கிளாக் பண்ணிட்டேன். இனிமே பறக்கும் பாரு!"

பறக்கத்தான் செய்தது. சாயங்காலம் வரை இழுக்கிற படம், நாலு மணி டீக்கு முன்னாலேயே முடிந்தது. கணினி இருந்த மேசைக்கடியில் கால் நீட்டினால் அடுப்போரம் உட்கார்ந்தது போலிருக்கும். குளிர்காலத்தில் அது பிடித்தும் இருந்தது.

கோடையில் அறை கொதித்தது. விசிறிகள் விமானம் கிளம்புவது போல இரைந்தன. அவள் அதற்கும் பழகிவிட்டாள். ஒரு மதியம், திரையில் இருந்த வரவேற்பறைச் சுவர் ஒன்றில் பச்சையும் ஊதாவுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் முளைத்தன. சுவரின் நிறத்தை மாற்றினாள். கட்டங்கள் தரைக்கு இறங்கின. அப்புறம் திரை கறுத்தது. விசிறிகளும் நின்றுபோக, பக்கத்து வீட்டில் யாரோ நாற்காலி இழுப்பது தெளிவாகக் கேட்டது.

பழுது பார்க்கும் கடைக்காரர் கார்டைக் கழற்றி முகர்ந்தார்.

"என்ன மேடம், இதை வச்சுத் துணி இஸ்திரி போட்டீங்களா?"

அவள் சிரிக்கவில்லை. அவர் சங்கடத்துடன் குரலை இறக்கினார்.

"சூடு ஒரே நாள்ல கொல்லாது மேடம். தினம் கொதிச்சு ஆறி, கொதிச்சு ஆறி, உள்ளே ஈயம் பத்த வச்ச இடமெல்லாம் விட்டுப்போயிடும். சிப்பு மேல சூடு இறங்கத் தடவின பேஸ்ட் காஞ்சு பொடியாயிருக்கு. ஒரு விசிறி மக்கர் பண்ணுது. இதுல வோல்டேஜ் வேற ஏத்தியிருக்கீங்க."

"தம்பி ஏத்தினான்."

"மெமரி கொஞ்சம் அடி வாங்கியிருக்கு. சரி பண்ணித் தரேன். ஆனா கம்பெனி ஸ்பீடுக்கும் ஒரு படி கீழேதான் ஓட்டணும். அப்பதான் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். தம்பி போட்ட செட்டிங்கை அழிச்சிடவா?"

"ஒரு நிமிஷம் இருங்க" என்று வாசலுக்கு வந்து தம்பியை அழைத்தாள். அதிசயமாக லைன் கிடைத்தது.

"என்னக்கா, யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லடா. நீ வச்ச ஸ்பீடை எடுக்கணுமாம்."

"எந்த ஸ்பீடு?"

"கம்ப்யூட்டர்ல. போறப்ப வச்சியே."

"நானா? ஞாபகமே இல்லக்கா. எடுத்துடு, இதுக்கா கூப்பிட்டே? பதறிட்டேன். சரி, வேலையா இருக்கேன், அப்புறம் பேசுறேன்."

"டேய், நீ எப்ப..."

லைன் போய்விட்டது. உள்ளே வந்து, "அழிச்சிடுங்க" என்றாள்.

சரியாகி வந்த கணினி ஆடி அசைந்துதான் வேலை செய்தது. விசிறிச் சத்தம் மூச்சு விடுகிற அளவுக்கே இருந்தது. ஒரு படத்தை ஓடவிட்டு எதிரே உட்கார்ந்தால் பொழுது நகரவில்லை. முதல் நாளே எரிச்சலாகிச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

நாலு தெரு தள்ளி, அவள் முன்பு படம் போட்டுக் கொடுத்த வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அதுவரை அங்கே எட்டிப் பார்த்ததில்லை. வாசலில் நின்ற கொத்தனார், "யாரைப் பார்க்கணும்?" என்றார்.

"யாரையும் இல்ல. இதுக்குப் படம் போட்டது நான்."

"அப்படியா? உள்ளே வாங்க. கம்பி கிடக்கு, பார்த்து."

வரவேற்பறையில் நின்றாள். ஜன்னல் அவள் வைத்த இடத்தில்தான் இருந்தது. வெயில்தான் வரவில்லை, எதிர்க் கட்டடம் மறைத்தது. அவளுக்கு வந்த வரைபடங்களில் பக்கத்து வீடுகள் இருந்ததே இல்லை.

"நான் போட்ட படத்துல இங்கே நல்ல வெயில் அடிக்கும்" என்றாள்.

கொத்தனார் ஜன்னலைப் பார்த்தார். "அடிக்காதும்மா" என்று சொல்லிவிட்டு, கலவைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

பூசாத சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்றிருந்தது. வீட்டில் படம் பாதிகூட முடிந்திருக்காது என்று தெரிந்ததால், அங்கேயே இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள்.