மீட்டர் நிறுத்திய நேரம்

இலோய்லோ நகரத்தில் நெனிட்டா அளவுக்கு மீட்டரை நிறுத்தியவர் வேறு யாரும் இருக்க முடியாது. தும்மல் வந்தால் நிறுத்துவாள். காப்பிக்கு வெந்நீர் வைக்க எழுந்தால் நிறுத்துவாள். கரண்டு போனால் அது தானாகவே நின்றுவிடும். ஆனால் போகப்போகிறேன் என்று பல்பு கண்ணைச் சிமிட்டும்போதே இவள் முந்திக்கொள்வாள். முதலாளிக்கு ஒரு நொடிகூட நஷ்டம் வந்துவிடக் கூடாதாம்.

மீட்டர் என்று சொன்னது கணினித் திரையின் மூலையில் ஓடுகிற சின்னக் கடிகாரத்தை. வெளிநாட்டுக்காரர்களுக்கு வீட்டிலிருந்தபடியே கடிதம் எழுதி, கணக்குப் பார்த்து, ஆட்களை அனுப்ப நேரம் குறித்துக் கொடுக்கிற எல்லோருடைய கணினியிலும் அது உண்டு. பச்சையாக ஓடினால் கூலி, சிவப்பாக நின்றால் இல்லை. இடையிடையே திரையைத் தானே படம்பிடித்து முதலாளிக்கு அனுப்பியும் வைக்கும். மாமியார் இல்லாத வீட்டுக்கு அந்தக் குறையும் தீர்ந்தது.

கீழ்த்தளத்தில் பெட்டிக்கடை வைத்திருந்த ஒன்றுவிட்ட தங்கை லோர்னாவுக்கும் ஒரு மீட்டர் இருந்தது. சிட்னிக்காரர் ஒருவருக்கு வேலை. அவள் தன் மவுஸை மேசை விசிறியின் கழுத்தில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தாள். விசிறி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையாட்ட, மவுஸ் அசைய, மீட்டர் பாட்டுக்கு ஓடும். லோர்னா சோப்பும் நூடுல்ஸும் விற்றுக்கொண்டிருப்பாள். போன கிறிஸ்துமஸுக்குச் சிட்னிக்காரர் "உங்கள் அயராத உழைப்புக்கு" என்று தனியாகப் பணம் அனுப்பினார். லோர்னா நன்றி மறக்காதவள். அன்றே விசிறிக்கு எண்ணெய் போட்டாள்.

"அக்கா, உனக்கு வேலை கடிதம் எழுதறதா, மீட்டர் நிறுத்தறதா?" என்று கேட்பாள். "நிறுத்தறதுக்குன்னு தனியா கூலி கேளு. இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்ப."

நெனிட்டா சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அவள் பயம் அவளுக்கு. குவைத்தில் ஒரு வீட்டில் ஒன்பது வருஷம் துணி துவைத்துவிட்டு ஊர் திரும்பிய அன்று, அவள் பெற்ற மகள் ஷைரா கதவைத் திறந்து, மரியாதையாக, "ஆன்ட்டி, பாத்ரூம் அந்தப் பக்கம்" என்றாள். மணிலாவுக்கு வேலை தேடிப்போன கணவர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார். ஷைரா மறுபடி "மம்மி" என்று கூப்பிடவே இரண்டு வருஷம் பிடித்தது. அந்த இரண்டு வருஷமும் நெனிட்டாவை வீட்டிலேயே உட்கார வைத்தது இந்த வேலைதான். இது போனால் குவைத்துக்கு ஆள் எடுக்கிற ஏஜெண்ட் இருக்கிறான். பிறந்தநாள் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறவன்.

முதலாளி டெஸ் சார். ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில், நீச்சல்குளத்து மோட்டார்களைப் பழுதுபார்க்கிறவர். எழுபதைத் தாண்டியவர். பெர்த்திலும் இலோய்லோவிலும் கடிகாரம் ஒரே நேரத்தைத்தான் காட்டும். அதனால் இருவருக்கும் ஒரே காலை, ஒரே காப்பி. நெனிட்டா என்ற பெயர் அவர் வாயில் நுழையவில்லை, நீட்டா ஆகிவிட்டது.

ஒருநாள் அவர், "நீட்டா, என் மனைவியோட போன் நம்பரை ரத்து பண்ணணும். கம்பெனிக்காரன் ஏதோ சான்றிதழ் கேக்கறான். நான் படிக்கறேன், நீ எழுதிக்கோ" என்றார்.

பெயர் மோரீன் என்று படித்தார். பிறந்த ஊர் படித்தார். அடுத்த வரியில் குரல் நின்றுவிட்டது. பிறகு மூக்குறிஞ்சுகிற சத்தம்.

நெனிட்டாவின் விரல் அவளைக் கேட்காமலே போய் மீட்டரை நிறுத்தியது. அவள் ஊரில் துக்கத்துக்குப் போனால் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள், காப்பி குடிப்பார்கள், சீட்டுக்கூட ஆடுவார்கள். உட்கார்ந்ததற்குக் கூலி கேட்டவர் யாருமில்லை.

"சொல்லுங்க சார்," என்றாள். "அவசரமில்ல."

அவர் சொன்னார். அன்றைக்கும், மறுநாளும், பெரும்பாலான நாளும் சொன்னார். மோரீன் உப்பு அதிகம் போடுவாள். மோரீன் வண்டி ஓட்டினால் பக்கத்து வண்டிக்காரன் சிலுவை போட்டுக்கொள்வான். ஒருமுறை பாலைவன நெடுஞ்சாலையில் பெட்ரோல் போட நிறுத்தியபோது, இவர் கழிப்பறைக்குப் போனதைப் பார்க்காமல், பின்னால் இழுத்துவந்த கேரவனில் தூங்குகிறார் என்று நினைத்து வண்டியை எடுத்துக்கொண்டு போயேவிட்டாள். அடுத்த ஊர் வரைக்கும் பின்பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டே போயிருக்கிறாள்.

"என்ன பேசினாங்க சார்?"

"அதுதான் நீட்டா விஷயமே. திரும்பி வந்து சொன்னா பாரு…" என்று ஆரம்பித்துச் சிரிப்பார். சிரிப்பு பாதியில் வேறாகிவிடும். "நாளைக்குச் சொல்றேன்," என்பார். அந்த நாளை எத்தனையோ முறை வந்து போனது. கதை அந்தப் பெட்ரோல் பங்கைத் தாண்டவில்லை.

பேச்சு முடிந்தாலும் நெனிட்டா உடனே மீட்டரைத் தட்ட மாட்டாள். அவள் ஊர் வழக்கம் அப்படி. துக்க வீட்டிலிருந்து நேராக வீட்டுக்குப் போகக் கூடாது. வழியில் எங்கேயாவது ஒரு கடையில் காலை வைத்து, உதறிவிட்டுத்தான் போக வேண்டும். இல்லையென்றால் செத்தவர் கூடவே வந்துவிடுவார். போனிலே நடந்த துக்கத்துக்கு இது பொருந்துமா என்று எந்தப் பாதிரியாரும் சொல்லவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இவள் கீழே இறங்கி, லோர்னா கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு குளிர்பானம் குடித்துவிட்டு, மேலே ஏறிப் பிறகுதான் மீட்டரைப் பச்சையாக்குவாள்.

"வந்தியா? மோரீன் இன்னைக்கு எப்படி இருக்காங்க?" என்பாள் லோர்னா.

"போடி."

"அக்கா, செத்துப்போன அம்மாவுக்கும் நீதான் வேலை செய்யற. அவங்க மீட்டரையாவது ஓடவிடு."

இப்படியே போயிருக்கும். ஆனால் ஈர வாசலில் டெஸ் சார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வேறு நகரத்திலிருந்து மகள் ஃபியோனா வந்து அப்பாவின் மேசையில் உட்கார்ந்தாள். படித்தவள், பொறுப்பானவள். போன் கணக்கை ஒரு பக்கமும் மீட்டர் கணக்கை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்தாள். பிறகு நெனிட்டாவை வீடியோவில் கூப்பிட்டாள்.

"எங்கப்பா கிட்டத்தட்ட தினமும் உங்ககூட பேசியிருக்கார். கொஞ்ச நேரம் மீட்டர் ஓடுது, அப்புறம் நிக்குது. பேச்சு மட்டும் நிக்கல. ஏன்?"

"அது வேலைப் பேச்சு இல்லீங்க மேடம். அதான் நிறுத்திட்டேன்."

"பின்ன என்ன பேச்சு?"

"மோரீன் அம்மாவைப் பத்தி."

ஃபியோனாவின் முகம் ஏதோ கடித்த மாதிரி ஆனது. "அம்மாவைப் பத்தி என்கிட்டகூட அவர் பேசினதில்ல," என்றாள் மெதுவாக. உடனே குரலைச் சரிசெய்துகொண்டாள். "சரி, போனை வெச்சப்புறமும் மீட்டர் நிக்குதே, அப்ப என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

பொய் சொல்லத் தெரிந்தவளாக இருந்தால் இங்கே ஏதாவது சொல்லியிருப்பாள். கரண்டு போச்சு என்றால் போதும், இலோய்லோவில் அதை யாராலும் மறுக்க முடியாது.

"கீழ கடைக்குப் போவேன் மேடம். சாவுப் பேச்சு பேசிட்டு நேரா வேலைக்கு உட்காரக் கூடாது. உதறிட்டு வரணும். இல்லேன்னா கூடவே வந்துடுவாங்க."

"யாரு?"

"உங்கம்மா."

திரை உறைந்துவிட்டதோ என்று நெனிட்டா பார்த்தாள். உறையவில்லை. ஃபியோனாதான் அசையாமல் இருந்தாள்.

"நான் பட்டுனு சொல்லிடறேன்," என்றாள் ஃபியோனா. "எங்கப்பா தனியா இருக்கற கிழவர். அவருக்குச் சொந்த வீடு இருக்கு. பேங்குல பணம் இருக்கு. உங்க நாட்டுல இருந்து ஒரு பொண்ணு தினமும் காசு வாங்காம அவர்கூட உட்கார்ந்து அழுதா, அதுக்கு இங்க என்ன பேர்னு உங்களுக்கே தெரியும்."

நெனிட்டாவுக்குத் தெரியும். தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறாள். மேசையில் குட்டியாக ஒரு மாதா சிலை இருந்தது. அதை ஏனோ திருப்பி வைத்தாள்.

"நான் ஒரு பைசா கேட்டதில்ல மேடம்."

"அதைத்தான் நானும் சொல்றேன். கேட்டிருந்தா வேலை. வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த நேரத்துக்கெல்லாம் பில் போட்டு அனுப்புங்க. முழுசா. கொடுத்துடறேன். வேலைக்காரங்க, வேலைக்குக் கூலின்னு காகிதத்துல இருந்தா எனக்குப் போதும், நீங்க தொடரலாம். இல்லேன்னா அதோட சரி. எல்லாப் பாஸ்வேர்டையும் மாத்திடுவேன், அப்பா நம்பரையும்."

நெனிட்டா கீழே இறங்கினாள். லோர்னா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பில் போடு. அவங்களே தர்றேங்கறாங்க."

"அது துக்கம்டி. துக்கத்துக்கு எப்படி பில் போடறது? அவர் பார்த்தா?"

"அவர் எங்க பார்க்கப்போறார்? படுத்திருக்கார். வாடிக்கையாளர் சேவைன்னு எழுது. நானா இருந்தா விசிறி ஓடின நேரத்தையும் சேர்த்து எழுதுவேன்." லோர்னா குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, பாத்ரூம் எந்தப் பக்கம்னு மறுபடி அந்தப் பொண்ணு உனக்குச் சொல்லணுமா?"

நெனிட்டா மேலே ஏறிப்போனாள்.

நிறுத்திய நேரத்தை மீட்டரில் கையால் சேர்க்க முடியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், என்ன வேலை என்று கேட்டு ஒரு கட்டம் வரும். காலியாக விட்டால் ஏற்காது. வாடிக்கையாளர் சேவை என்று தட்டினாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அழித்தாள். கட்டம் கேட்பது என்ன வேலை என்று. நடந்தது அதுவல்ல. இத்தனை வருஷமும் அந்தக் கட்டத்தில் அவள் நடக்காத ஒன்றை எழுதியதில்லை. காசு வாங்கிக்கொண்டு பொய்யும் எழுதினால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று நினைத்திருக்கலாம். நடந்ததை நடந்தபடியே எழுதினாள்.

மோரீன் உப்பு போடுவது பற்றிக் கேட்டது. மோரீன் ஆஸ்பத்திரியில் இருந்தது பற்றிக் கேட்டது. சார் அழுதது. மோரீன், பெட்ரோல் பங்க். மோரீன், பெட்ரோல் பங்க், மறுபடியும்.

கடைக்குப் போன நேரத்தை மட்டும் சேர்க்கவில்லை. அது தன் சொந்தச் செலவு என்றாள்.

பணம் வந்தது. ஷைராவுக்கு ஷூ வாங்கியது போக மீதி இருந்தது. ஃபியோனா இரண்டு வார்த்தையில் நன்றி அனுப்பினாள். வேலை தப்பியது. லோர்னா அன்று பணம் வாங்காமல் நூடுல்ஸ் சமைத்துக் கொடுத்து, "பார்த்தியா, ஒண்ணும் ஆகல" என்றாள்.

டெஸ் சார் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி, கோலூன்றி நடந்து, மேசைக்கு வந்தபோதுதான் போன் செய்தார். அந்த மணியைக் கேட்டதும் நெனிட்டா சிறுபிள்ளை மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சார்! எப்படி இருக்கீங்க? இடுப்பு எப்படி இருக்கு?"

"இருக்கேன்மா. பாதி எலும்பு, பாதி இரும்பு. மழையில நின்னா துருப்பிடிச்சிடுவேன்." ஒரு மோட்டார் திரும்பி வந்த விஷயம் சொன்னார், இரண்டு வாடிக்கையாளருக்குக் கடிதம் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள். பிறகு வழக்கமான அந்த மௌனம் வந்தது. நெனிட்டாவின் விரல் மவுஸின் மேல் போய்க் காத்திருந்தது.

"நேத்து அந்த நெடுஞ்சாலை வழியா எவனோ வண்டியில வந்தானாம், நீட்டா. அந்த பங்க் இன்னும் இருக்காம். மோரீன் அன்னைக்கு…"

நின்றார்.

"நீட்டா, மீட்டர் ஓடுதா?"

அவள் விரல் அழுத்தத்தான் போனது. அழுத்துவதற்கு முன்னால் அவர் கேட்டுவிட்டார். கேட்ட நொடியில் அது ஓடிக்கொண்டிருந்தது. நெனிட்டாவுக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்.

"ஓடுது சார். இப்ப நிறுத்திடறேன், இதோ…"

"வேணாம் வேணாம். ஓடட்டும். தப்பா எடுத்துக்காதே." குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது. "ஃபியோனா அந்தக் காகிதத்தைக் காட்டினா. 'பாருங்கப்பா, இவங்களுக்கு இது வேலைதான்'னா. உன் மேல தப்பே இல்ல. நேரத்துக்கு விலை உண்டு. எனக்குத்தான் புரியல, நான் பாட்டுக்குப் பேசிட்டே இருந்திருக்கேன். அதுல ஒரு இடத்துல 'சார் அழுதது'ன்னு போட்டிருந்த. நான் அழுதது உனக்குக் கேட்டிருக்கும்னு நினைக்கல."

"சார், அது அப்படி இல்ல சார். மேடம்தான்…"

"சரி, மோட்டார் விஷயத்துக்கு வருவோம். சுருக்கமா முடிச்சிடலாம்."

முடித்தார். அதன் பிறகு அவர் போன் செய்வதில்லை, எழுதி அனுப்புவார். சுருக்கமாக, தெளிவாக, நன்றியோடு. நெனிட்டாவின் மீட்டர் இப்போது காலை முதல் மாலை வரை அறுபடாமல் பச்சையாக ஓடுகிறது. ஃபியோனா ஒருமுறை பாராட்டிக்கூட எழுதினாள்.

அந்தக் கடைசிப் பேச்சு முடிந்த அன்று நெனிட்டா மீட்டரை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்தாள்.

லோர்னா பாட்டிலைத் திறந்து நீட்டினாள். "அடடே, ஆரம்பிச்சாச்சா? அந்த அம்மா வண்டியில என்னதான் பேசினாங்களாம்?"

"சொல்லல."

"நாளைக்குச் சொல்வார்."

நெனிட்டா பாட்டிலை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள். குடித்துவிட்டால் மேலே போக வேண்டும். லோர்னா கடைக்கு வந்தவருக்குச் சோப்பு எடுக்கப் போனாள். விசிறி மட்டும் மவுஸைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, சிட்னிக்காரருக்கு வேலை செய்துகொண்டிருந்தது.