வம்சாவளியில் மிஞ்சிய ஒரு பெயர்

சிவராசா ஐயா என் கணினி திருத்துகிற கடையில், கதிரையில் இருந்த விதத்திலேயே எனக்கு எரிச்சல் பிடித்துவிட்டது. திருத்தக் கொண்டுவந்த லப்டொப்பை என்னிடம் தராமல் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பிள்ளை எந்த ஊர்?" என்று கேட்டார்.

"புளியங்குளம்தான்."

"அதுக்கு முந்தி?"

அந்த இரண்டாவது கேள்வி எதற்கென்று வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யாழ்ப்பாணமா, இல்லை தேயிலைத் தோட்டமா என்று ஆளைத் தரம் பிரிக்கிற கேள்வி. என் அம்மாவின் தகப்பன் எழுபத்தேழு கலவரத்தில் மாத்தளைத் தோட்டத்தில் அடிவாங்கி ஓடிவந்தவர்.

"அதுக்கு முந்தி அம்மாவின்ர வயித்துக்குள்ள இருந்தனான். லப்டொப்புக்கு என்ன வருத்தம், அதைச் சொல்லுங்கோ ஐயா."

வருத்தம் பெரிதுதான். மனுசன் ஒன்பது வருடமாகத் தன் வம்சாவளியைக் கணினியில் ஏற்றியிருக்கிறார். யாழ்ப்பாணத்து வடமராட்சியிலிருந்து முத்தையன்கட்டுக் குளத்துக் காணிக்கு வந்த குடும்பம். ஏழு தலைமுறை, ஆயிரத்து முந்நூற்று நாற்பது பேர். புதுப் பெயரைச் சேமிக்கும்போது கரண்ட் போக, பற்றரியும் செத்த பற்றரி, கோப்பு உடைந்துவிட்டது. வேறெங்கும் பிரதி இல்லை. வெளியில் கொடுத்தால் யாராவது ஒரு பெயரைச் செருகிவிடுவார்கள் என்று பயமாம்!

மகள் பிரேமிளாவுக்கு நோர்வே மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா சாதகத்துக்கு முதல் வம்சாவளி கேட்கிற ஆள். திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் வேறு இடம் பார்ப்பார்களாம்.

"ஒரு கலப்பும் இல்லைப் பிள்ளை. வடிவாப் பாத்துத்தான் போட்டனான்" என்று சொல்லிவிட்டுத்தான் லப்டொப்பை மேசையில் வைத்தார்.

உடைந்த கோப்பை மீட்பது பெரிய வித்தையில்லை. மீட்கிற செயலி உள்ளே கிடக்கிற ஒவ்வொரு பதிவையும் பொறுக்கி வெளியே போடும். நாங்கள் அழித்ததையும் சேர்த்துத்தான் போடும். ஏனென்றால் அழிக்கும்போது பதிவு உடனே போய்விடுவதில்லை, அந்த இடம் காலி என்று ஒரு குறி மட்டும்தான் விழும். மறுநாள் மத்தியானம் எண்ணிப் பார்த்தேன். ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தொரு பேர்.

பிரேமிளா இரண்டு தரம் இருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே பிறந்த நாள், ஒரே தாய் தகப்பன். ஒருத்தி உயிரோடு. மற்றவள் கடைசி யுத்தத்தில், 2009 சித்திரையில், வலைஞர்மடத்தில் ஷெல் பட்டு இறந்திருந்தாள். கீழே சிவராசா ஐயா எழுதி, பிறகு அழித்த குறிப்பு:

'இப்போது எங்களோடு இருப்பது எடுத்த பிள்ளை. மகளைப் புதைத்த அன்று பங்கர் வாசலில் தனியே நின்றது. கழுத்தில் கட்டிய பையில் பிறப்புச் சான்றிதழ். பெயர் அனோஜா. தாய் இராசமலர், புளியங்குளம். மலைநாட்டு ஆக்கள். செட்டிகுளம் முகாமில் மகளின் பெயரிலேயே பதிந்தேன்.'

சான்றிதழின் படமும் கூடவே இருந்தது.

முகாமில் குடும்ப அட்டை பதிகிற மேசையில், தனிப் பிள்ளை என்றால் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்து, பக்கத்தில் நின்றவர்கள் தங்கள் பிள்ளை என்று பதிந்தது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் தாயின் பெயரையும் ஊரையும் கையில் வைத்துக்கொண்டு பதினாறு வருடமா? நாசமாய்ப்போன மனுசன்!

இராசமலர் அக்காவை எனக்கு நன்றாகத் தெரியும். குளத்துக்குப் பின்னால் குடியிருப்பு, வயலில் கூலி வேலை. மாதம் ஒரு தரம் பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போய், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரோடு தெருவோரப் போராட்டத்தில் இருந்துவிட்டு வருவார். அவர் பிடித்துக்கொண்டிருக்கிற நாலு வயதுப் பிள்ளையின் படத்தை அச்சடித்துக் கொடுப்பது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை சிவராசா ஐயாவும் பிரேமிளாவும் வந்தார்கள். "அப்பா மூண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடேல்லை அக்கா. எல்லாம் கிடைச்சிட்டுதோ?" என்று பிள்ளை சிரித்துக்கொண்டு கேட்டாள். நல்ல பிள்ளை. தகப்பனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. ஆத்திரத்தில் திரையை அவள் பக்கம் திருப்பிவிட்டேன்.

"மூடு பிள்ளை, மூடு அதை!" என்று சிவராசா ஐயா பாய்ந்தார். அதற்குள் அவள் வாசித்துவிட்டாள். முதலில் இருந்து திரும்பவும் வாசித்தாள்.

"ஏனப்பா தேடேல்லை?"

"தேடினால் உன்னைக் குடுக்கோணுமே. கொம்மா விசர் பிடிச்சுக் கிடந்தவா. உன்னைக் கட்டிப்பிடிச்ச பிறகுதான் தண்ணி குடிச்சவா."

எனக்கு அந்தக் கதை ஒன்றும் காதில் ஏறவில்லை. "தாய் உயிரோட இருக்கிறா. சைக்கிளில பத்து நிமிசம். எழும்பும், இப்பவே கூட்டிக்கொண்டு போறன்" என்றேன்.

பிரேமிளா முகத்தைத் துடைத்தாள். "என்ன வேலை செய்யிறா?"

"வயலில கூலி."

அவள் லப்டொப்பைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு கேட்டாள்: "அக்கா, இதைத் திரும்ப வராத மாதிரி அழிக்க ஏலுமோ?"

"உமக்கு நெஞ்சு எண்டு ஒண்டு இல்லையே?"

"நோர்வேக்காரர் அறிஞ்சால் என்னைத் தூக்கி எறிஞ்சிடுவினம். அப்பாவைப் பொலிஸ் கொண்டுபோகும். அவவைக் கூட்டிக்கொண்டு வந்தீங்கள் எண்டால், ஆரெண்டு தெரியாது எண்டு அவவின்ர முகத்துக்கு நேர சொல்லுவன்." திரையில் இருந்த சான்றிதழின் படத்தைத் தொட்டுக் காட்டினாள். "பிள்ளை வலைஞர்மடத்தில செத்திட்டுது எண்டு சொல்லுங்கோ. அந்தச் சான்றிதழையும் குடுங்கோ, நம்புவா. ஒரு பிள்ளை செத்தது உண்மைதானே."

சிவராசா ஐயா தலையைக் குனிந்துகொண்டே லப்டொப்பை என் பக்கம் தள்ளிவிட்டார்.

சான்றிதழை அச்சடித்து எடுத்துக்கொண்டு அந்தப் பதிவை அழித்தேன். காலி இடங்களையும் சேர்த்துத் துடைத்தேன். ஆயிரத்து முந்நூற்று நாற்பது பேரும் சுத்தமாக நோர்வேக்குப் போனார்கள். ஏன் செய்தாய் தேனுகா என்று என்னையே கேட்டேன். பெற்ற பிள்ளை முகத்துக்கு நேரே தெரியாது என்று சொல்வதை அந்த மனுசி கேட்கக்கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

பின்னேரம் இராசமலர் அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவர் கடதாசியை வாங்கி, அச்சிலும் ஓரத்தில் விழுந்திருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தார். வாசிக்கத் தெரியாதவர், அந்தக் கறையைத் தெரிந்துகொண்டார்.

"நான் கழுத்துல கட்டி விட்டதுதான். இது எங்க கெடைச்சுது புள்ள?"

சொன்னேன். வலைஞர்மடம், சித்திரை, ஷெல். அவர் சுவரில் சாய்ந்து மெதுவாக நிலத்தில் இருந்தார்.

"பொதைச்சாங்களா, இல்ல அப்புடியே போட்டுட்டு ஓடிட்டாங்களா?"

"புதைச்சவை அக்கா. கூட நிண்ட ஒருத்தர், தன்ர பிள்ளை மாதிரி நினைச்சு."

அப்போதுதான் அழத் தொடங்கினார். அழுதுகொண்டே என் கையைப் பிடித்தார்.

"அந்த மனுசன் எங்க இருக்காருன்னு சொல்லு புள்ள. எம்புள்ளைக்கு மண்ணு தள்ளின கை. கால்ல விழுந்து கும்புட்டுட்டு வந்துடுறேன்."

"பேர் தெரியாதக்கா" என்றேன்.