மேசையில் அடித்த போன்

1

2023 பிப்ரவரி 11, சனிக்கிழமை, பிற்பகல் 2.10. ஒன்டாரியோ மாகாணத்தின் கிச்சனர் நகரில் வசிக்கும் வெர்னா பௌமனை மாற்றுச் சிறுநீரக மையத்திலிருந்து அழைத்தார்கள். அவருக்குப் பொருந்தும் சிறுநீரகம் ஒன்று கிடைத்திருந்தது.

இந்தக் கதை அந்த அழைப்பிலிருந்து பிறந்தது. முதலில் வேறு மாதிரி தொடங்கியிருந்தேன்: 'லினக்ஸைத் தேர்ந்தெடுப்பவர்கள் சுதந்திரத்தை…' அடித்துவிட்டேன். கோபமாக இருப்பவன் தத்துவத்தில் தொடங்கினால் பொய்தான் எழுதுவான்.

2

வெர்னா முன்னாள் பேருந்து ஓட்டுநர். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். தன் போனும் மடிக்கணினியும் தன்னை வேவு பார்க்கக் கூடாது என்பதில் பிடிவாதக்காரர். யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய இயங்குதளமான லினக்ஸ் ஓடக்கூடிய போன் ஒன்றை வாங்கிக்கொண்டு, நூலகக் கீழ்த்தளத்தில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் லினக்ஸ் குழுவுக்கு வந்தார். லினக்ஸில் பல வகை உண்டு; எந்த இயங்குதளத்தைப் போடலாம் என்று கேட்டார்.

[தளங்களின் பெயர்களைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வாசகர்களில் பாதிப்பேர் தங்கள் தளத்துக்காகச் சண்டைக்குக் கிளம்பிவிடுவார்கள். வெர்னாவை மறந்துவிடுவார்கள். நாங்கள் மறந்தோம்.]

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிட்டா அடிக்கணும்."

"அது எதுலயும் அடிக்கும் வெர்னா," என்றார் குழுவில் மூத்தவரான க்ளென். "மடிக்கணினில இருக்கறதையே போன்லயும் போட்டுரு. ஒரே குடும்பமா இருக்கும்."

"இந்தாளு பேச்சக் கேட்டுராத," என்றார் குழுவின் இன்னொரு உறுப்பினர் இங்ரிட். "இவரோடது மாசம் ஒருக்கா செத்துப் பொழைக்கும்."

"உன்னோடது இன்னும் பொறக்கவே இல்லையேம்மா!"

வெர்னா சிரித்தார். "உங்க சண்டைய அப்புறம் வச்சுக்கங்கப்பா. அடிக்குமா, அடிக்காதா?"

"அடிக்கும்" என்று சொன்னது நான்.

3

சோதித்தும் பார்த்தோம். நான்கு மாதங்கள், மூன்று இயங்குதளங்கள். ஒவ்வொன்றையும் ஏற்றி முடித்ததும் இங்ரிட் தன் சாதாரண போனிலிருந்து அழைப்பார். வெர்னாவின் போன் அடிக்கும். கைதட்டுவோம்.

தளத்தை ஏற்றுவதற்காகப் போனை மடிக்கணினியோடு கம்பியால் இணைத்திருப்போம். அந்தக் கம்பியைக் கழற்றாமலேயே, மேசையில் வைத்து மூன்றையும் சோதித்தோம். மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை போன் தூங்காது. கழற்றிப் பைக்குள் போட்டால், பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கிவிடும். நாங்கள் கடைசியாகத் தேர்ந்தெடுத்த தளத்தில், அழைப்பு வந்தாலும் எழாது. வீட்டில் வெர்னா அதைச் சார்ஜரிலேயே வைத்திருந்ததால் அவருக்கும் தெரியவில்லை.

4

அழைப்பு வந்தபோது எல்லோரும் அந்தக் கீழ்த்தளத்தில்தான் இருந்தோம். வெர்னாவின் மடிக்கணினியை எந்தத் தளத்துக்கு மாற்றுவது என்று க்ளெனும் இங்ரிடும் கத்திக்கொண்டிருந்தார்கள். வெர்னாவின் போன் அவருடைய கோட்டுப் பையில். மையத்தில் மூன்று முறை முயன்றுவிட்டு, அவர் கொடுத்திருந்த இரண்டாவது எண்ணை அழைத்தார்கள்.

[அது யாருடைய எண் என்பதை இதுவரை மறைத்தேன். என்னுடையது. அதே தளம் போட்ட போன், என் கால்சட்டைப் பையில். அதற்கு முன்பும் சில அழைப்புகள் எனக்குத் தவறியிருந்தன. ஒவ்வொரு முறையும் சிக்னலைத் திட்டினேன். தளத்தைச் சந்தேகிக்க மனம் வரவில்லை.]

மேசையில் இங்ரிடின் போன் ஒருமுறை அடித்தது. பீட்சாவில் காளான் போடலாமா என்று அவர் மகள் கேட்டாள்.

வெர்னா வீட்டுக்குப் போய்ச் சார்ஜரில் போட்டதும் தவறிய அழைப்புகள் வரிசையாக வந்தன. மையத்தை அழைத்துப் பேசிவிட்டு என்னை அழைத்தார். என் போனும் அப்போது சார்ஜரில் இருந்தது. அடித்தது.

"வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்க. அடிக்கும்னு சொன்னியே நீ."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நான்கு வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. சொன்னது இதுதான்:

"தளத்தோட எந்தப் பதிப்பு போட்டிருந்த?"

அவர் வைத்துவிட்டார்.

5

முடிவுகள். ஒன்று: வெர்னாவுக்கு வேறு சிறுநீரகம் கிடைக்கிறது. எனக்கு நானே விடுதலை கொடுத்துக்கொள்ளும் முடிவு. இரண்டு: வெர்னா இறந்துவிடுகிறார். நான் அழகாகத் துக்கப்படலாம். மூன்று: நான் மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போகிறேன், கதவு… இல்லை. மூன்றையும் அடித்துவிட்டேன். வேண்டுமானால் நீங்கள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு உரிமையில்லை.

இயங்குதளத்தை உருவாக்குபவர்களிடம் நான் புகார் பதிவு செய்தேன். மார்ச் 9 அன்று, எதையும் சரிசெய்யாமலே அதை மூடினார்கள். காரணம்: 'எங்கள் மேசையில் அடிக்கிறது.'

வெர்னா திங்கள், புதன், வெள்ளிக் கிழமைகளில் டயாலிசிஸுக்குப் போகிறார்.