உப்புப் பார்க்காத வான்கோழி

கருப்பையாவின் கடையில் தொலைபேசி மணி அடித்ததும் லத்தீபாவின் கழுத்து தானாகத் திரும்பியது. வாசலில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள், உரித்த பல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு தெருவின் எதிர்ப்பக்கம் பார்த்தாள். கருப்பையா எடுத்தார். துறைமுகத்தில் தேங்கிக் கிடக்கும் சிமெண்ட் மூட்டைகளுக்காகப் பர்மியில் யாரையோ ஏச ஆரம்பித்தார். லத்தீபா மறுபடி பூண்டுக்குத் திரும்பினாள். யாங்கூன் நகரத்தில் போட்டாதாங் பகுதியின் அந்தச் சின்னத் தெருவில் வெளிநாட்டுப் பேச்சு வருகிற போன் அது ஒன்றுதான். அமெரிக்காவிலிருந்து அவள் மகன் வாஜித் கூப்பிட்டால் அதில்தான் வர வேண்டும்.

அவள் கணவர் மீரா முகைதீன் பார்க்காதவர்போல நடைபாதையில் அடுப்புக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். வாஜித் இனிமேல் கூப்பிட மாட்டான் என்பது அவருக்குத் தெரியும். வேலை முடிந்து திரும்பும்போது பனி உறைந்த சாலையில் கார் சறுக்கி லாரியில் போய் மோதிவிட்டது. கூடத் தங்கியிருந்த பையன் கூப்பிட்டுச் சொன்னான். அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள். அந்தப் போனை எடுத்த கருப்பையாவுக்குத் தெரியும், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் அப்துல் பாரிக்குத் தெரியும், பெற்றவளுக்கு மட்டும் தெரியாது. அவளுக்கு இருதயம் வீங்கியிருக்கிறது, பெரிய அதிர்ச்சி எதுவும் தாங்காது என்று டாக்டர் சொல்லி வைத்திருந்தார். பயந்துபோன மனிதர் அன்று கடையிலிருந்து வந்து, "வாஜித்து பேசுனான், ஓவர்டைம் பாக்குறானாம்" என்று சொல்லிவிட்டார். ஒரு பொய் போதும், அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேறு பத்துப் பொய் வேண்டியிருக்கிறது. நீ தூங்கிக்கொண்டிருந்தாய், உம்மாவை எழுப்ப வேண்டாம் என்றான், லைன் சரியில்லை, உனக்கு ஸலாம் சொன்னான் என்று அவரும் சொல்லிக்கொண்டே வந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு சமையற்காரரால்கூட முடியாது என்பது அவருக்குத் தெரியாமலில்லை.

இன்றைக்கு அவனுடைய நாற்பது. போனவர்களின் நாற்பதாம் நாளில் அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்துப் பாத்திஹா ஓதி நாலு பேருக்குக் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். தன் வாப்பாவுக்கு ஆட்டுக்கால், உம்மாவுக்குத் தேங்காய்ப்பால் கஞ்சி, மூன்று வயதில் காய்ச்சலில் போன மகள் ருக்சாருக்கு ஜவ்வரிசிப் பாயசம் என்று எல்லோருக்கும் மீரா முகைதீன் தன் கையால்தான் ஆக்கினார். மகனுக்கு மட்டும் எப்படிச் செய்யாமல் விடுவார்? செய்தால் அவள் கேட்பாளே? பல நாள் உறங்காமல் கிடந்து அவர் கண்டுபிடித்த வழிதான் இந்த வான்கோழி.

யாங்கூன் கல்யாண வீடுகளில் முப்பது வருஷமாகப் பிரியாணித் தேக்சா இறக்கியவர் மீரா முகைதீன். அவர் பிள்ளைக்கோ பிரியாணி என்றாலே மூக்கு சுளிக்கும். "தெனமும் வாப்பா சட்டையில அதான மோந்துக்கிட்டு இருக்கேன்" என்று ரொட்டியும் டீயுமாகவே வளர்ந்தவன். மலேசியாவுக்குப் போய், அங்கிருந்து அகதிக் கணக்கில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தபின் ஒரு நாள் போனில் துள்ளினான். "வாப்பா, இங்க முழு வான்கோழிய வாசல்ல வெச்சு எண்ணெயில எறக்குறாங்க! நாங்களும் செஞ்சோம். மொதத் தடவ எண்ணெய் பொங்கித் தீப்புடிச்சிருச்சு, ஆனா அந்த ருசி இருக்கே, நான் எங்கயும் அப்புடித் தின்னதில்ல. ஒரு பொட்டு ஈரம் இருக்கக் கூடாது. எறக்கும்போது அடுப்ப அணைச்சிரணும். மொதல்லயே கோழிய உள்ள வெச்சுத் தண்ணிய ஊத்தி, எண்ணெய் எம்புட்டு வேணும்னு அளவு பாத்துக்கணும். நான் வரும்போது நம்ம வாசல்ல வெச்சுப் பொரிச்சுத் தர்றேன், பாருங்க." மீரா முகைதீன் போனை வைத்துவிட்டு, "கொல்லத் தெருவுல ஊசி விக்கிறான் ஒம்மவன்" என்று லத்தீபாவிடம் சிரித்தார். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு மாதம் தெருவுக்கே அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் போன வாரம் அவர், "வாஜித்து சொன்னான், நான் வர நாளாகும், நீங்களே பொரிச்சுப் பாருங்கன்னு" என்று சொன்னதும் உடனே சரியென்றாள். கருப்பையா ஆற்றுக்கு அக்கரையில் த்வாண்டே ஊருக்குப் போய் ஒரு பண்ணையில் வான்கோழிச் சேவலைப் பிடித்து, படகில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பர்மியில் அதற்கு யானைக்கோழி என்று பெயர். அது வந்ததிலிருந்து லத்தீபாதான் தவிடு பிசைந்து போட்டாள். காலையில் அப்துல் பாரி வந்து அறுத்துக் கொடுத்தார். சாயங்காலம் அஸர் தொழுதபின் மறுபடி வந்து, புதுப் பண்டத்துக்குத் துஆ செய்வதுபோல உட்கார்ந்து, பாத்திஹாவை வாய்க்குள்ளேயே ஓதிவிடுவது என்று இருவருக்கும் பேச்சு. மகன் பேரையும் முணுமுணுப்பாகத்தான் சொல்ல வேண்டும்.

நர்கிஸ் புயலில் சாய்ந்த மழைமரத்தின் விறகு இன்னும் வீட்டுப் பின்புறம் கிடந்தது. அதைப் பிளந்து மூட்டினார். கிடாரத்தில் கடலை எண்ணெய் காய்ந்தது. கோழியைத் துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்து, மிளகும் பூண்டும் உப்பும் வறட்டு மசாலாவாகத் தடவி, காலைக் கம்பியால் கட்டி, தேக்சா தூக்குகிற மூங்கிலில் தொங்கவிட்டார். மூங்கிலின் ஒரு முனையைக் கருப்பையா பிடித்தார். எதிர்வீட்டுப் பர்மாக்காரம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து என்ன விசேஷம் என்று கேட்டாள். லத்தீபா நாற்காலியிலிருந்தே அண்ணாந்து, அமெரிக்காவில் இருக்கிற தன் மகனுடைய சமையல் இது என்று பர்மியில் உரக்கச் சொன்னாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். மீரா முகைதீன் புகை பட்டதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அளவு பாத்தீங்களா? தண்ணி ஊத்திப் பாக்கணும்னு சொன்னானே" என்றாள்.

"கிடாரத்துக்கு எம்புட்டு எண்ணெய்னு எனக்குத் தெரியாதாக்கும்."

தெரியவில்லை. வெங்காயம் பொரிக்க ஊற்றுவதுபோலக் கிடாரத்தின் விளிம்புவரை எண்ணெய் ஊற்றியிருந்தார். விறகை இழுத்துவிட்டார், தணலை விட்டுவிட்டார். கோழி இறங்கியதும் கிடாரம் சீறியது. எண்ணெய் நாலு பக்கமும் பொங்கி வழிந்து தணலில் விழ, தீ ஆள் உயரத்துக்கு எழுந்தது. "பாயண்ணே, தூக்கு, தூக்கு!" என்று கருப்பையா கத்தினார். மூங்கிலைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு இரண்டு கிழவர்களும் பக்கத்தில் குவித்து வைத்திருந்த மணலை அள்ளி அள்ளிக் கொட்டினார்கள். கருப்பையாவின் கைலி ஓரம் கருகிப் புகைந்தது. மாடிகளில் கூச்சல்.

அதற்கு நடுவில் லத்தீபா சிரித்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "எம்புள்ளைக்கும் இப்புடித்தான ஆச்சு! வாப்பாவும் மவனும் ஒரே மாரி! இருங்க, அவன் பேசும்போது சொல்றேன்" என்றாள்.

மீரா முகைதீன் மணல் அள்ளிய கையோடு நின்றார். அவள் இப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று. ஓடிப்போய் அவள் காலடியில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. அந்தச் சிரிப்பை நிறுத்தவும் மனம் வரவில்லை. குனிந்து மணலைத் தள்ளினார்.

எண்ணெயைக் குறைத்து, தணலை வழித்துவிட்டு இறக்கினார்கள். இந்த முறை கிடாரம் கட்டுப்பட்டது. பிறகு விறகைச் சேர்த்தார். மெல்ல மெல்லத் தோல் சிவந்து, மிளகு மணம் தெருமுனைவரை போனது. அஸர் பாங்கு சொல்லித் தொழுகையும் முடிந்து அப்துல் பாரி தொப்பியைச் சரிசெய்தபடி வந்து திண்டில் உட்கார்ந்தார். கோழியைத் தூக்கி எண்ணெய் வடியவிட்டுப் பெரிய தாலத்தில் வைத்தார்கள். உண்மையிலேயே அழகாக இருந்தது. முதல் தடவை பொரித்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

லத்தீபா நாற்காலி நுனிக்கு நகர்ந்து அவர் இடது கையைப் பார்த்தாள். எதை இறக்கினாலும் ஒரு துணுக்கை இடது புறங்கையில் வைத்து, நாக்கால் தொட்டு, கண்ணை மூடி உப்புப் பார்ப்பது அவர் வழக்கம். அவர் தலையாட்டினால்தான் கல்யாண வீட்டில் பந்தி போடுவார்கள். அவர் தாலத்தை நகர்த்தி அப்துல் பாரியின் முன்னால் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"ஏங்க, உப்புப் பாக்கலியா?"

"சரியாத்தான் இருக்கும்."

சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது. பாத்திஹாவுக்கு ஆக்கியதை மட்டும் ஓதி முடிக்கும்வரை நாக்கில் வைக்கக் கூடாது. அவர் வாப்பாவுக்கு ஆக்கியபோதும் உம்மாவுக்கு ஆக்கியபோதும் ருக்சாரின் பாயசத்தைக் கிண்டியபோதும் பக்கத்தில் நின்று கரண்டி எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். அந்த நாட்களில் மட்டும்தான் அவர் உப்புப் பார்த்ததில்லை. இப்போதும் ஒரு துணுக்கை எடுத்து நாக்கில் வைத்தால் போதும், பொய் பிழைத்துக்கொள்ளும். கை நீண்டது. பிள்ளைக்கென்று ஆக்கியதை எச்சில் படுத்த அதற்கு மனம் வரவில்லை. பாதியிலேயே நின்றுவிட்டது.

லத்தீபா அந்தக் கையைப் பார்த்தாள். அப்துல் பாரி தலையைக் குனிந்துகொண்டார். கருப்பையா தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பின்னாலேயே போகலாமா என்று மீரா முகைதீன் நினைத்தார். விழுந்துவிடுவாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் அவளே வந்தாள். கை கால் கழுவி ஒளுச் செய்த ஈரம் முழங்கையிலிருந்து சொட்டியது. தலையில் வெள்ளை முக்காடு. ஒரு கையில் ஊதுபத்தி, மறு கையில் ஒரு தம்ளர் தண்ணீர். இரண்டையும் தாலத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"நாப்பதா?" என்றாள்.

அவர் தலையசைத்தார்.

"நீ தாங்க மாட்டன்னு டாக்டரு..." என்று ஆரம்பித்தார்.

"உம்மாவ எழுப்ப வேணாம்னு சொன்னான்னு சொன்னீங்க" என்றாள். குரல் மிக மெதுவாக இருந்தது. "எம்புள்ள அப்புடிச் சொல்ல மாட்டான். நடுராத்திரியானாலும் எழுப்பச் சொல்லுவான். அன்னைக்கே எனக்குப் பக்குன்னுச்சு. நீங்க சொல்லாதவரைக்கும் அவன் இருக்கான்னு வெச்சுக்கிட்டேன்."

மீரா முகைதீன் அப்படியே மடங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து இத்தனை நாள் அவர் சுமந்ததை அவளும் தனியாகச் சுமந்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே பாயில், ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்து.

"சத்தமா ஓதுங்க மோதினாரே" என்றாள் லத்தீபா. "எம்மவன் பேரச் சொல்லி ஓதுங்க. களவாண்டு ஓத வேணாம்."

அப்துல் பாரி ஊதுபத்தியைக் கொளுத்தினார். தெருவில் போன ஆட்கள் ஒதுங்கி நடந்தார்கள். மாடியில் பர்மாக்காரம்மா விளங்கிக்கொண்டவளாக உள்ளே போய்விட்டாள். துஆவில், மீரா முகைதீன் மகன் வாஜித் என்று மோதினார் குரலை உயர்த்திச் சொன்னபோது லத்தீபாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. பிரசவத்தில் அவனைப் பெற்றபோது திரைக்கு வெளியே நின்று கேட்ட சத்தம் அது, மீரா முகைதீனுக்கு நினைவிருந்தது. அவள் முதுகில் கையை வைத்தார். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது உள்ளங்கையில் தெரிந்தது. நின்றுவிடாதே, நின்றுவிடாதே என்று ஆமீனோடு ஆமீனாகச் சொல்லிக்கொண்டார்.

ஓதி முடிந்தது. கருப்பையா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். லத்தீபா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துவிட்டுத் தாலத்தை இழுத்தாள். மார்புப் பக்கம் விரலால் கிள்ளி ஒரு துண்டு எடுத்தாள். உள்ளே வெள்ளையாக, ஆவி பறக்க இருந்தது. அவருடைய இடது கையைப் பிடித்துப் புறங்கையில் அதை வைத்தாள்.

"இப்பப் பாருங்க" என்றாள்.

அவர் நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். மென்று விழுங்க வெகு நேரம் ஆனது.

"சரியா இருக்கு லத்தீபா."

"இதத்தான தின்னான்?"

"இதத்தான்."

அவள் வீட்டுக்குள்ளிருந்து தட்டுகளைக் கொண்டுவரச் சொன்னாள். எதிர்வீட்டுக்கு ஒன்று, கருப்பையா வீட்டுக்கு ஒன்று, பள்ளிவாசலுக்கு ஒன்று என்று பிய்த்து வைக்க ஆரம்பித்தாள். சூடு விரலைச் சுட்டது, ஊதி ஊதிப் பிய்த்தாள். அணைந்த அடுப்பின் மேல் மூங்கில் மட்டும் சும்மா கிடந்தது.

எதிர்க்கடையில் தொலைபேசி மணி அடித்தது. கருப்பையா எழுந்திருக்கவில்லை. அது நிற்காமல் அடித்தது. லத்தீபா தலை நிமிராமல் எலும்பிலிருந்து சதையை எடுத்துக்கொண்டிருந்தாள். கழுத்தைத் திருப்பிப் பார்த்தது மீரா முகைதீன்தான்.