மருந்து காத்த கை

1926ஆம் ஆண்டு மே மாதத்தில் சூசையம்மாளின் வலக்கை குளிர்ந்துபோனது. மணிக்கட்டுக்கு மேலே அவள் எல்லோரையும் போலத்தான் இருந்தாள். அதற்குக் கீழே, மீன்காரன் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஐஸ் மாதிரி. அவர்கள் இருந்தது ஜொகூரில், லாயாங் லாயாங் ரயில் நிலையத்திலிருந்து மூன்று கட்டை, அதாவது மூன்று மைல் தூரத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். அவள் கணவர் கிரகோரி அங்கே கிராணி. துரையின் ஆபீசில் கடிதம் எழுதுகிற வேலை. அந்த ஆண்டு பிறந்ததிலிருந்து அவருக்கு எத்தனை தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. முப்பத்து நான்கு வயதில் சட்டை மட்டும் நடந்து வருவது போல மெலிந்துவிட்டார். இனிப்பு நீர் என்றார் டிரசர் சதாசிவம். தோட்ட ஆஸ்பத்திரியில் டாக்டர், கம்பவுண்டர், நர்ஸ் எல்லாம் அவர்தான். சில ஆண்டுகளுக்கு முன்பு என்றால் இந்த நோய்க்குப் பட்டினி போட்டுப் பார்த்துவிட்டுப் புதைத்துவிடுவார்கள். இப்போது இன்சுலின் வந்திருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு புட்டி ஜொகூர் பாருவிலிருந்து ரயிலில் வரும். குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும் என்று அதோடு ஒரு சீட்டும் வரும். தோட்டத்தில் அப்படி ஓர் இடம் இல்லை. கூட அனுப்பிய ஐஸ் பாதி வழியில் கூலாய் ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள் தண்ணீராகிவிட்டது. முதல் புட்டி ஐந்தாம் நாளே கலங்கிக் கெட்டுப்போனது. இரண்டாவது புட்டியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, இதுவும் போனால் இவரும் போய்விடுவாரே என்று பகல் முழுக்கப் பயந்தபடி உட்கார்ந்திருந்தாள் சூசையம்மாள். சாயங்காலம் விரலைப் பிரித்துப் பார்த்தபோது புட்டியின் மேல் நீர் முத்து முத்தாகப் பூத்திருந்தது.

அன்றிலிருந்து புட்டியை வலக்கையில் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டாள். சமைப்பது, பெருக்குவது, தலை சீவுவது எல்லாம் இடக்கைதான். சிலுவை போடுவதும் இடக்கையால்தான். மாதம் ஒருமுறை பூசை வைக்க வரும் பங்குச் சாமியார் முதலில் முகம் சுளித்தார். அந்தக் கையைத் தொட்டுப் பார்த்த பிறகு இடக்கைச் சிலுவைக்கே ஆமென் சொன்னார். காலையிலும் மாலையிலும் டிரசர் வந்து, சுடவைத்த ஊசியால் மருந்தை ஏற்றினார். ஊசி போட்ட அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். ஒரு சிரட்டைச் சோறு, கீரை, முட்டை, நெத்திலி. சீனி போடாத காப்பி. கள், பிராந்தியின் வாடைகூடப் படக் கூடாது. கிரகோரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், உடம்பும் தேறியது. ஏழாம் மாதம் அவர் பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு பொத்தான் மாட்ட முடியாமல் தவித்ததைப் பார்த்துச் சூசையம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கை சூடாகிவிட்டது. மறுநாள் புட்டி கலங்கியிருந்தது. அடுத்தது வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் கிரகோரி பழுத்த பழ வாடை அடிக்கிற மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு கிடந்தார்.

சதாசிவம் கணக்குப் போட்டு ஒரு முடிவுக்கு வந்தார். இந்த அம்மா பயந்துகொண்டிருக்கும்வரைதான் கை குளிர்ந்திருக்கும். ஆகவே காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்த பிறகு, கூலிகளின் வரிசை வீடான லயத்துக்கு ஒருவராகக் கிராணி வீட்டுக்குப் போய் அந்த அம்மாவைப் பயமுறுத்திவிட்டு வேலைக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். தோட்டமே சந்தோஷமாக ஒத்துக்கொண்டது. ஒருத்தன் புலி கதை சொன்னான். இன்னொருத்தி முருங்கை மரத்து முனியைக் கொண்டுவந்தாள். மூன்று மாதத்தில் சூசையம்மாளுக்குப் புலி அலுத்துப்போனது, வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து, “அப்புறம்?” என்று கேட்கத் தொடங்கினாள். கை வெதுவெதுத்தது. பால்மரம் வெட்டுகிற அங்கம்மாதான் வழி கண்டுபிடித்தாள். அவள் வாசலில் நின்றபடியே, “கிராணியம்மா, நேத்து ஐயா கள்ளுக்கடைப் பக்கமா நடந்து போனாங்க. உள்ள போனாங்களான்னு நான் பாக்கல” என்று மட்டும் சொன்னாள். கை விறைத்துவிட்டது. அதற்குப் பிறகு புலி தேவைப்படவில்லை.

இதில்தான் கிரகோரியின் புத்தி கெட்டது. தான் ஒழுங்காக இருந்தால் அவள் நிம்மதியாகிறாள், நிம்மதியானால் மருந்து கெடுகிறது. தான் கொஞ்சம் தப்பு செய்தால் மருந்து பிழைக்கிறது. குடிக்க ஆசைப்படுகிறவனுக்கு இதைவிட நல்ல நியாயம் கிடைக்குமா? முதலில் ஒரு துண்டு பலாப்பழம், பிறகு ஒரு மடக்குக் கள். 1928 கிறிஸ்துமஸ் அன்று, காலை ஊசி போட்டுக்கொண்டு, சோற்றைத் தொடாமல், நண்பர்களோடு பிராந்தியில் உட்கார்ந்துவிட்டார். நண்பகலில் அவர் தள்ளாடி விழுந்தபோது, போதை ஏறிவிட்டது, தூங்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனார்கள். சூசையம்மாள் வந்து தொட்டுப் பார்த்தாள். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. குடித்தவரிடம் அவள் இதற்கு முன் பார்த்த மயக்கம் இல்லை இது. அவள் பயந்த பயத்தில் துணிக்கட்டுக்குள் சடக்கென்று சத்தம் கேட்டது. மருந்து உறைந்து புட்டி வெடித்திருந்தது. ஓடிவந்த சதாசிவம், “சீனி, சீனி எடுங்க! சாப்பிடாம குடிச்சிருக்காரு, ரத்தத்துல இனிப்பே இல்ல!” என்று கத்தினார். இரண்டரை ஆண்டாக அந்த வீட்டில் சீனி வாங்கவே இல்லை. அங்கம்மா தன் வீட்டிலிருந்து பிடி நிறையக் கொண்டுவந்தாள். அவரைப் பக்கவாட்டில் புரட்டி ஈறில் சீனியைத் தேய்த்தார்கள். அரை மணி கழித்துக் கிரகோரி கண் விழித்து, ஏன் எல்லோரும் தன்னைச் சுற்றி நிற்கிறார்கள் என்று கேட்டார்.

அடுத்த புட்டி வரும்வரை மறுபடியும் இரண்டு நாள். அவர் பிழைத்தார், ஆனால் தன் மனைவியின் உள்ளங்கையில் கண்ணாடி கிழித்திருந்த காயத்தைப் பார்த்தார். “உனக்காகத்தான் குடிச்சேன்னு சொல்லிக்கிட்டிருந்தேன், சூச. பொய்தான் அது” என்றார். அவள், “இனி எது தின்னாலும் நீங்களே வந்து எங்கிட்ட சொல்லுங்க. பயப்படுறத நான் பாத்துக்கிறேன்” என்றாள். ஏழு ஆண்டு அவர் ஒவ்வொரு நாள் சாயங்காலமும் அன்று தின்றதை வந்து சொன்னார், குடிக்கவே இல்லை. அவளும் ஒவ்வொரு நாளும் பயந்தாள், அளவாக. ஒரு புட்டிகூடக் கலங்கவில்லை, ஒன்றுகூட உறையவில்லை.

1935இல் தோட்ட ஆஸ்பத்திரிக்கு மண்ணெண்ணெயில் ஓடும் ஐஸ் பெட்டி வந்தது. சதாசிவம் தானே வந்து துணிக்கட்டை அவிழ்த்துப் புட்டியை வாங்கிக்கொண்டு, “இனிமே நீங்க நிம்மதியா இருக்கலாம்மா” என்றார். ஒரு மாதம் போனது. கை அப்படியேதான் இருந்தது. பெட்டியில் மருந்து பத்திரமாக இருக்கிறதே, இன்னும் என்ன என்று அங்கம்மா கேட்டாள். “அது மருந்தத்தானே பாத்துக்கும்” என்றாள் சூசையம்மாள். மழைக்காலத்தில் லயங்களில் காய்ச்சல் பரவியபோது, தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிராணி வீட்டு வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். யாரும் அதை அதிசயமாகப் பேசவில்லை. சூசையம்மாள் ஒவ்வொரு நெற்றியிலும் அந்தக் கையை வைத்தாள். ஊசி போட்டு இருபது நிமிடம் ஆகிவிட்டது, கிரகோரி சாப்பிட உட்கார்ந்துவிட்டாரா என்று இடையிடையே உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.