தோற்றவளுக்கு ஒரு துண்டு கேக்

...ஜெயித்தது ஜெயித்ததுதான், எதிராளி இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள் என்பதற்காக அது இல்லையென்று ஆகிவிடுமா, எனக்கும் அதே புத்தகம்தானே, அதே பாடம்தானே, யானைக்கு ஜலதோஷம் பிடித்த கதை, இரண்டு பேரும் சேர்ந்துதான் வாசிக்க ஆரம்பித்தோம், நான் கடைசிப் புள்ளியில் விரலை ஊன்றியபோது என் பெரிய பெண் இன்னும் யானை தும்முகிற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், நடுவராக இருந்த என் மனைவியே சொல்லிவிட்டாள் அப்பாதான் முதல் என்று, அப்புறம் என்ன... கிடங்கில் சொன்னால் சிரிக்கிறார்கள். மூட்டை எண்ணிக்கொண்டிருந்த மேஸ்திரி, "அடுத்து சின்னவளோட மோதிப் பாருப்பா, அவளுக்கு இன்னும் பல்லே முழுசா முளைக்கல" என்றார், லாரி மேல் நின்றவன் வரைக்கும் சிரிப்பு ஏறிப் போயிற்று. சிரிக்கட்டும். தலை நரைத்தபிறகு 'அ' போட்டுப் பார்த்தவனுக்கல்லவா தெரியும், மூட்டையாவது தோளில் ஏறினால் ஒரு நிலைக்கு வந்துவிடும், இந்த 'ணை'யும் 'னை'யும் எந்தப் பக்கம் பிடித்தாலும் வழுக்கிக்கொண்டு போகும். பந்தயமும் நான் வைத்ததுதான், நான் ஜெயித்தால் குடும்பத்தோடு தேநீர் விடுதி, அவள் ஜெயித்தால் வண்ணப் பேனாப் பெட்டி, ஜெயிச்சவனே செலவு பண்ற பந்தயத்தை எங்கயாவது பார்த்திருக்கீங்களா என்று மனைவி கேட்டாள், இல்லைதான், ஆனால் நான் ஜெயித்துத்தான் இதற்கு முன்னால் எங்கே பார்த்திருக்கிறாள்?

இதோ வந்து உட்கார்ந்தாயிற்று. நாற்காலியா இது, ஆளை விழுங்குகிறது, சாய்ந்தால் முழங்கால் மூக்குக்கு வருகிறது, நுனியில் உட்கார்ந்தால் வேலை கேட்டு வந்தவன் மாதிரி இருக்கிறது, பக்கத்து மேசைக்காரர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார், உடனே இரண்டு பேரும் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தோம். சின்னவள் வந்ததிலிருந்து மேசைக்குக் கீழேதான் குடித்தனம், அவ்வப்போது என் செருப்பு கழன்று எங்கோ போகிறது. விலைப்பட்டியல் அட்டையை நான்தான் படிப்பேன், நான்தான் சொல்வேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன், ஆகவே முதல் வரியிலிருந்து... திறந்திருக்கும் நேரம், சரி, விடுமுறை நாள், சரி, வெளியிலிருந்து கொண்டுவரும் உணவுக்கு... "அதெல்லாம் திங்கற சாமான் இல்லீங்க, கீழ வாங்க" என்றாள் மனைவி. கீழே வருவதாம், எழுதினவன் வேலையற்றுப்போயா மேலே எழுதினான், பாதியில் விட்டுத் தாவுவதற்கு இது என்ன சாக்கடையா, அடுக்கென்றால் ஒன்றன்மேல் ஒன்றாகத்தானே அடுக்க வேண்டும். பரிமாறுகிற பெண் வந்தாள், போனாள், மறுபடி வந்தாள். "இன்னும் கொஞ்சம் கழிச்சு வரட்டுங்களா?" "வாம்மா, வந்துட்டேன், புதினா வரைக்கும் வந்துட்டேன்." கீழேயிருந்து சின்னவள், "அப்பா, வீட்டுக்குப் போறதுக்குள்ள படிச்சிருவீங்களா?" இதற்குப் பல் முழுதாக முளைக்கவில்லை என்று யார் சொன்னது? பெரியவள்தான் பாவம், என் தோளோடு ஒட்டிக்கொண்டு, என் விரல் எங்கே போகிறதோ அங்கேயே கண்ணை வைத்து, நான் திணறினால் அவளும் திணறி... என்னைக் கொண்டு பிறந்துவிட்டாள், எழுத்து ஏறாத தலை, அவள் அம்மாவின் தலையாவது வாய்த்திருக்கலாம். "தோத்ததுக்கு வருத்தப்படாதடா, விரல வச்சுப் படி, அவசரப்படாத, அப்பாவுக்கே வரலையா?" என்றேன். "சரிப்பா" என்றாள். எவ்வளவு அடக்கம். ஆளுக்கொரு தேநீர், பிள்ளைகளுக்குப் பால், தோற்றவளுக்கு ஆறுதலாக ஒரு துண்டு கேக், எல்லாம் நானே வாசித்துச் சொன்னேன், சத்தமாகவே, காற்றாடிக்காரரும் கேட்டிருப்பார்.

கோப்பை வந்தது, என் கட்டைவிரல் அதன் காதுக்குள் போகவில்லை, மொத்தமே இரண்டு மிடறு, மனைவி இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறாள், எனக்குத் தீர்ந்துவிட்டது. தீர்ந்ததும் எழுந்தேன், எதற்கு எழுந்தேன் என்று யோசிக்கவேயில்லை, கிடங்கில் குடித்தவன் குழாயடிக்குப் போய்க் குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் அடுத்த மூட்டை, கால் தானாக நடந்தது, மரத்தடுப்பைத் தாண்டிக் குழாயைத் தேடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் ஓடிவந்து கோப்பையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ சார், குடுங்க, நாங்க பாத்துக்குவோம்." "ஒரு அலசுதான்மா." "சார், விடுங்க சார்." இழுபறியில் அவள் ஜெயித்தாள். வெட்கத்தில் என் காது சுட்டது, அது ஆறட்டும் என்று தடுப்புக்குப் பின்னாலேயே நின்றேன், அந்தப் பக்கம் எங்கள் மேசை... யாரோ அட்டையை வாசிக்கிறார்கள். புதினாத் தேநீர் இஞ்சி எலுமிச்சைத் தேநீர் குளிரூட்டப்பட்ட பழக்கலவை வெண்ணெய் தடவிய ரொட்டி... சாக்கில் ஓட்டை விழுந்து அரிசி கொட்டுகிற மாதிரி, என்னை நடுவழியில் உட்கார வைத்துவிட்ட அந்தக் குளிரூட்டப்பட்டதைக்கூடத் தாண்டிக் குதித்து, யார் அது, பள்ளிக்கூட வாத்தியார் யாராவது... பெரியவள்.

"இப்ப அப்பா மாதிரி" என்றாள் சின்னவள். "கு... ளி... ரூ..." என்று பெரியவள் இழுத்தாள், நடுவில் என் இருமலையும் சேர்த்து, இரண்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன. "ஸ், வந்துடப் போறாருடி," இது என் மனைவி, நடுவர், "யானைக் கதையில கொஞ்சம் அதிகமாவே இழுத்துட்ட, எங்க கண்டுபிடிச்சிருவாரோன்னு ஆயிடுச்சு எனக்கு." "நான் என்னம்மா பண்ணட்டும், அப்பா முடிக்கவே மாட்டேங்கறாரு, அதுக்கு மேல மெதுவாப் படிக்க எனக்கு வரல."

கோபம் வந்ததா? வந்த மாதிரிதான் இருந்தது, அப்புறம் பார்த்தால் சிரிப்பு மாதிரியும் இருந்தது, புதிதாக வேலைக்கு வந்தவன் முதுகில் மூட்டை ஏறும்போது பின்னால் நிற்கிறவன் அடியில் ஒரு கை கொடுப்பான், அவனுக்குத் தெரியாமல், நான் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறேன், ஒருத்தனிடமும் சொன்னதில்லை, அவர்கள் எல்லோரும் தெரியாதவர்கள் மாதிரிதான் நடந்து போனார்கள்... தெரியாமலா போனார்கள்? இவளுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது, அவள் அம்மாவா, இல்லை, கேக்குக்காகத்தானா, பேனாப் பெட்டியை வாயில் போட்டுக்கொள்ள முடியாது என்று கணக்குப் பண்ணித் தோற்றாளா, அப்படியும் இருக்கலாம், என் பெண்தானே. மேஸ்திரியிடம் என்ன சொல்வது? ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு வந்தேன். அட்டை பழைய இடத்தில் இருந்தது, மனைவி தேநீருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள், சின்னவள் மேசைக்குக் கீழே போய்விட்டாள். பெரியவள் உதட்டில் கேக் துணுக்கோடு, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "அப்பா, இதுக்கு மேல எனக்கு வரல, சேர்ந்து வாசிக்கலாமா" என்று விரலை நீட்டினாள். எந்த இடத்தில்? கு, ளி... சரி, இந்த முறை நாம் தோற்றுப்போவோம், அவளுக்கும் ஜெயிக்கிற ருசி தெரியட்டும் என்று, முதல் எழுத்திலேயே நிறுத்திக்கொண்டேன். அவளும் நிறுத்தினாள். இரண்டாவது எழுத்தை எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்தேன், பக்கத்து மேசைக்காரர் காற்றாடியை விட்டுவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்தார், அவளோ எனக்கு ஒரு மூச்சு பின்னால், அதற்குமேல் நகர மாட்டேன் என்கிறாள், நான் எவ்வளவு மெதுவாகப் போனாலும் இவள் அதைவிட மெதுவாக வருவாள் போலிருக்கிறதே, அப்படியென்றால் இந்த வார்த்தையை யார்தான் முடிப்பது...