பச்சை டிக்

என் மனைவி முத்துராணியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே பேட்டை பட்டறைக்குத் திரும்பினேன். மேனேஜர் கிங்ஸ்லி என்னைப் பிரஸ் மெஷின் பக்கமே விடவில்லை. வீட்டில் துக்கம் நடந்தவர்கள் கம்பெனியின் மனநல ஆப்பில் ஆலோசகரிடம் பேசிப் பச்சை டிக் வாங்க வேண்டும் என்பது புது விதி.

“வாங்கலைன்னா?”

“வீட்டுல ரெஸ்ட் எடுங்க அண்ணாச்சி. சம்பளம் உண்டு.”

அந்த வீட்டில்தான் இருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தால் நான் எழுந்துபோய் எங்கள் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு ஷெட்டில்தான் சிக்னல் கிடைக்கும். பேக்கிங் பிரிவுப் பேச்சித்தாய் என் போனைத் தூக்குவாளியில் சாய்த்து வைத்தாள். திரையில் விஜயஸ்ரீ என்ற ஆலோசகர், கோயம்புத்தூரிலிருந்து.

“தூக்கம் எப்படிங்க? பத்துக்கு எவ்வளவு மார்க் போடுவீங்க?”

“ராத்திரி ஒண்ணு. பஸ்ஸுல பத்து.”

சிரித்தவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “மன்னிச்சுக்கோங்க. எங்கப்பாவும் இப்படித்தானுங்க பேசுவாரு. போன மாசம் தவறிட்டாரு.”

அதன்பிறகு நான் ஆலோசனைக்கு வந்தவன் இல்லை, துக்கம் விசாரிக்க, துட்டி கேட்க வந்தவன். என்ன நோவு, எத்தனை வயது, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று முறைப்படி விசாரித்தேன். பேச்சித்தாய் பின்னால் நின்று மூக்கைச் சிந்தினாள். முடிந்ததும் பேசாமல் போனை அணைத்தேன். துட்டி கேட்கப் போனால் சொல்லிக்கொள்ளாமல் வருவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம்.

ஆப்புக்கு அது தெரியவில்லை. ‘பாதியில் துண்டித்தார். தனியே விடாதீர்கள்’ என்று கிங்ஸ்லியின் போனில் சிவப்பாக வந்துவிட்டது. நான் அப்போது கக்கூஸில் இருந்தேன்.

“அண்ணாச்சி! தாப்பாளத் தொறங்க! அவசரப்பட்டுராதிய!”

“அவசரமாத்தாம்ல வந்தேன்!”

வெளியே வந்தால் பாதிப் பட்டறை நின்றது. ஒருவர் கையில் கடப்பாரை. பேச்சித்தாய் கிங்ஸ்லியைப் பிடித்துக்கொண்டாள். “ஏ தம்பி, உங்கய்யா துட்டிக்கு வந்தம்லா, சொல்லிக்கிட்டா போனேன்?”

அவன் தலையைச் சொறிந்தபடி ஆலோசகரைக் கூப்பிட்டான். வழக்கத்தை நானே விளக்கினேன். விஜயஸ்ரீ மறுபடி கண்ணாடியைக் கழற்றினாள்.

“எங்கப்பா போனப்ப எனக்கு எல்லாரும் போன்ல பூப் படமா அனுப்புனாங்க. கேட்டது நீங்கதான். சரி, இப்ப நான் கேக்கிறேன். முத்துராணி அம்மாவப் பத்திச் சொல்லுங்க.”

சொன்னேன். சாப்பாட்டு நேரம் முடிந்து பட்டறைச் சங்கு ஊதி எல்லோரும் வேலைக்குப் போன பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள் கிங்ஸ்லியிடம் சொன்னாள்: “பச்சை இன்னைக்குத் தர மாட்டேன். தூக்கம் ஒரு மார்க்குதான், மெஷின்ல நிக்க வேண்டாம். ஆனா வீட்டுக்கு அனுப்பாதீங்க. ஆளுங்களோட உக்கார்ற வேலை ஏதாவது கொடுங்க.”

பேக்கிங்கில் உட்கார வைத்தார்கள். மூன்றாவது பெட்டியிலேயே பேச்சித்தாய் என் கையிலிருந்து டேப்பைப் பிடுங்கினாள்.

“இப்படியா கிழிக்கது? உங்கள வச்சுக்கிட்டு மதினி எப்படித்தான் குடும்பம் நடத்துனாவளோ!”

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அவளும் அதத்தான் கேப்பா,” என்றேன். “அந்த டேப்பத் தா.”